மரவள்ளி வளர்த்த மன்னர்

கிள்ளான், ஷா ஆலம் வட்டாரத்துக் காலைச் சந்தைகளில் மண் ஒட்டிய மரவள்ளிக்கிழங்கு குவிந்து கிடப்பதைக் காணலாம். மாலையில் அதே கிழங்கு சாலையோரக் கடைகளில் எண்ணெயில் பொரிந்து பொன்னிறத்தில் விற்கப்படும். மலாய்மொழியில் இதனை ஊபி காயு என்பர். சேலம் வட்டாரத்தில் இது குச்சிக்கிழங்கு; கன்னியாகுமரியில் மரச்சீனி; கேரளத்தில் கப்பை. விலை மலிவானது, வயிற்றை நிறைப்பது. ஆனால், இக்கிழங்கை உண்ணவே மக்கள் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அந்த அச்சத்தைப் போக்கி, இதனை ஏழை எளியவரின் உணவாக்கப் பாடுபட்டவர் ஓர் அரசர். அவர்தாம் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் இராமவர்மர். தாவரங்களைப் பற்றிய அறிவில் தேர்ந்த அவர், அரசாண்டது ஐந்தே ஆண்டுகள். அவர் ஊன்றச் செய்த குச்சிகளோ ஒன்றரை நூற்றாண்டாகத் தழைத்து வருகின்றன.

இளமையும் கல்வியும்

இன்றைய கேரளத்தின் தென்பகுதியும் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டமும் அக்காலத்தில் திருவிதாங்கூர் என்னும் அரசின்கீழ் இருந்தன. அங்கு மலையாளமும் தமிழும் வழங்கின. அரச குடும்பத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளை அவர்கள் பிறந்த நட்சத்திரத்தின் பெயரால் அழைப்பது வழக்கம். 1837ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள், விசாக நட்சத்திரத்தில் பிறந்த இராமவர்மர், விசாகம் திருநாள் என்று அழைக்கப்பட்டார்.

அப்பொழுது நாட்டை ஆண்டவர் இசைமேதை சுவாதித் திருநாள். அவர் இக்குழந்தையின் தாய்மாமன். கலைகளைப் போலவே அறிவியலையும் அவர் விரும்பினார். விசாகம் திருநாள் பிறந்த அதே ஆண்டில்தான் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் ஒன்று அமைந்தது. ஆனால், குழந்தையின் வாழ்க்கை துயரத்தோடு தொடங்கியது. பிறந்த சில வாரங்களிலேயே தாய் உருக்மிணி பாய் காலமானார். தாயற்ற அக்குழந்தை மெலிந்த உடலோடும் அடிக்கடி நோயோடும் வளர்ந்தது. அந்த நலிவு அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

உடல் மெலிந்திருந்தாலும் அவரின் அறிவு கூர்மையாக இருந்தது. 1849ஆம் ஆண்டில், கும்பகோணத்தைச் சேர்ந்த த. மாதவராவ் இளவரசர்களுக்கு ஆசிரியராக அமர்த்தப்பட்டார். பிற்காலத்தில் திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய மூன்று அரசுகளுக்கும் திவானாக விளங்கிப் புகழ்பெற்றவர் அவர். விசாகம் திருநாளும் அவரைவிட ஐந்து வயது மூத்த அண்ணன் ஆயில்யம் திருநாளும் நான்கு ஆண்டுகள் அவரிடம் கற்றனர். ஆங்கிலம், கணிதம், அறிவியல், ஆட்சிமுறை ஆகியவற்றில் அவர்கள் பயிற்சி பெற்றனர். இளமையிலேயே விசாகம் திருநாள் போரின் கொடுமைகளையும் அமைதியின் நன்மைகளையும் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார். அரண்மனையில் பிறந்தவருக்கு எழுத வேறு எத்தனையோ பொருள்கள் இருக்க, சாதாரண மக்களின் துன்பமே அவர் நெஞ்சைத் தொட்டது.

இருபது ஆண்டுக் காத்திருப்பு

1860ஆம் ஆண்டில் அண்ணன் ஆயில்யம் திருநாள் அரியணை ஏறினார். தம்பி விசாகம் திருநாள் அடுத்த வாரிசான இளையராசா ஆனார். இந்நிலை இருபது ஆண்டுகள் நீடித்தது. பட்டம் உண்டு, அதிகாரம் இல்லை. இத்தகைய நிலையில் பொழுதைக் கேளிக்கைகளில் கழித்த இளவரசர் பலர். விசாகம் திருநாள் அக்காலத்தைக் கல்விக்குப் பயன்படுத்தினார். சென்னையிலிருந்து வெளிவந்த ஆங்கில இதழ்களில் புனைபெயரில் கட்டுரைகள் எழுதினார். வடமொழியும் ஆங்கிலமும் நன்கு கற்றார். எல்லாவற்றையும்விட அவரை ஈர்த்தவை தாவரவியலும் வேளாண்மையும்தாம்.

அவருக்குச் செடி கொடிகள் வெறும் தோட்ட அழகு அல்ல. எந்தச் செடி எந்த மண்ணில் விளையும், எது மக்களின் பசியைத் தீர்க்கும் என்பதே அவரின் கேள்வியாக இருந்தது. அக்கேள்விக்குக் காரணம் இருந்தது. திருவிதாங்கூரில் நெல் விளையும் நிலம் குறைவு. பள்ளத்தாக்குகளிலும் ஏரி, காயல் ஓரங்களிலும் மட்டுமே வயல்கள் அமைந்திருந்தன. மற்ற இடங்களில் மேடும் சரிவும் செம்மண்ணும் செம்பாறையும்தான். மக்கள்தொகையோ 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 24 இலட்சம். நெல் விளைச்சல் குறைந்தால், முதலில் பட்டினி கிடப்பவர் நிலமில்லாத கூலித் தொழிலாளர்களே.

1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் தாக்கியது. மழை பொய்த்தது, பயிர்கள் கருகின. சென்னை மாகாணத்தில் பல இலட்சம் பேர் உணவின்றியும் நோயாலும் மடிந்தனர். உயிர் பிழைக்க வழிதேடிப் பலர் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறினர். இன்று மலேசியாவில் வாழும் தமிழர் சிலரின் முன்னோர் அவ்வாறு வந்தவர்களே. நெல் ஒன்றையே நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை அப்பஞ்சம் கண்முன் காட்டியது.

மண்ணுக்குள் ஒரு களஞ்சியம்

மரவள்ளியின் தாயகம் தென்னமெரிக்கா. போர்த்துக்கீசியர் அதனைப் பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். பின்னர் இந்தியாவின் மேற்குக் கரைக்கும் கொண்டு வந்தனர். ஆகவே, விசாகம் திருநாளின் காலத்திற்கு முன்பே இச்செடி அங்குச் சிலருக்குத் தெரிந்திருந்தது. எனினும், பரவலாகப் பயிரிடப்படவில்லை. அதன் பயனை உணர்ந்து, நாடெங்கும் பரப்ப முனைந்ததே விசாகம் திருநாளின் பணி.

மரவள்ளியில் அவர் கண்ட சிறப்புகள் பல. அதற்கு விதை வாங்க வேண்டியதில்லை. முற்றிய தண்டை ஒரு சாண் நீளத் துண்டுகளாக நறுக்கி ஊன்றினால் போதும், வேர்விட்டுத் துளிர்த்துவிடும். வயலும் வாய்க்காலும் தேவையில்லை. மேட்டு நிலத்திலும் மலைச்சரிவிலும் வளரும். வேர்பிடித்த பிறகு சில வாரங்கள் மழை இல்லாவிட்டாலும் தாங்கி நிற்கும். எட்டு முதல் பத்து மாதங்களில் கிழங்கு முற்றிவிடும். முற்றியவுடன் எல்லாவற்றையும் தோண்டியெடுக்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. வேண்டியபோது வேண்டிய அளவு தோண்டிக்கொள்ளலாம். நெல்லைச் சேமிக்கக் களஞ்சியம் வேண்டும். மரவள்ளிக்கோ மண்ணே களஞ்சியம். குடிசையைச் சுற்றிச் சிறிதளவு நிலம் உள்ளவருக்கும் இது பயன்படும்.

இத்தனை சிறப்புகள் இருந்தும் மக்கள் தயங்கியதற்குக் காரணம் உண்டு. மரவள்ளியில் ஒருவகை நச்சுத்தன்மை மறைந்துள்ளது. கிழங்கை வெட்டும்போதோ நசுக்கும்போதோ அதிலுள்ள வேதிப்பொருள் சிதைந்து சயனைடு நஞ்சு உண்டாகிறது. கசப்பு வகைகளில் இது மிகுதி. இனிப்பு வகைகளில் குறைவு. தோலை நீக்கி, துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டால் இனிப்பு வகைக் கிழங்கை அச்சமின்றி உண்ணலாம். சமைக்கும் முறை தெரியாமல் உண்டு ஒருவர் மயங்கி விழுந்தாலும், அச்செய்தி ஊர் முழுவதும் பரவிவிடும். பிறகு எவர் அதனைத் தம் பிள்ளைக்கு ஊட்டத் துணிவார்? எனவே, மக்களின் அச்சத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

அச்சத்தை வென்ற அரசர்

1880ஆம் ஆண்டு ஆயில்யம் திருநாள் மறைந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் விசாகம் திருநாள் அரியணை ஏறினார். அப்பொழுது அவருக்கு வயது 43. அண்ணனின் சினத்துக்கு ஆளாகி ஐந்து ஆண்டுகளாகக் காவலில் இருந்த புலவர் கேரளவர்ம வலிய கோயித்தம்புரானை விடுவித்தது அவரின் முதற்செயல்களுள் ஒன்று. சென்னையிலிருந்து வந்த வி. இராமையங்காரைத் திவானாக அமர்த்திக்கொண்டு, ஆட்சியைச் சீர்திருத்தத் தொடங்கினார். காவல்துறையும் நீதித்துறையும் திருத்தியமைக்கப்பட்டன. நாடு முழுவதும் நிலங்களை அளந்து, தரம் பிரித்து, வரியை ஒழுங்குபடுத்தும் மாபெரும் பணி 1883ஆம் ஆண்டில் தொடங்கியது. எவரிடம் எவ்வளவு நிலம் உள்ளது, அதில் என்ன விளைகிறது என்பது தெரியாமல் வேளாண்மையை வளர்க்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இளையராசாவாக இருந்தபோது தம் சொந்த ஆர்வமாக இருந்த வேளாண்மையை அவர் இப்பொழுது நாட்டின் பணியாக்கினார். வெளிநாடுகளிலிருந்து நல்ல வகை மரவள்ளிக் குச்சிகளைத் தருவித்து நடச்செய்தார். விவசாயிகள் அதனைப் பயிரிட ஊக்கமளித்தார். ஆனால், நட்டுக் காட்டினால் மட்டும் போதவில்லை. உண்டு காட்டவும் வேண்டியிருந்தது.

இது தொடர்பாக ஒரு செய்தி இன்றும் அப்பகுதி மக்களிடையே வழங்கி வருகிறது. மரவள்ளிக்கிழங்கை முறையாகச் சமைத்து, தம் அரண்மனை உணவிலேயே சேர்க்கும்படி மன்னர் கட்டளையிட்டாராம். அரசரே உண்ணும் உணவில் நஞ்சு இருக்க முடியாது அல்லவா? அரண்மனைச் செய்தி ஊருக்குள் பரவியது. மன்னர் உண்டு நலமாக இருக்கிறார் என்று கேள்விப்பட்ட மக்கள், தாங்களும் சமைத்துப் பார்த்தனர். கிழங்கை எவ்வாறு சமைக்க வேண்டும் என்பதையும் மக்களுக்கு அறிவிக்கச் செய்தார் என்று கூறப்படுகிறது. கட்டளையிட்டுத் திணிக்கும் அதிகாரம் கையில் இருந்தும், மக்கள் தாமே நம்பி ஏற்கும் வழியை அவர் நாடினார் என்பதையே இச்செய்தி உணர்த்துகிறது.

உலக வரலாற்றில் இதற்கு ஒத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. விசாகம் திருநாளுக்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1737ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பிறந்தவர் பார்மான்தியே. உருளைக்கிழங்கை உண்டால் தொழுநோய் வரும் என்று அந்நாட்டு மக்கள் அஞ்சினர். போர்க் கைதியாக இருந்தபோது உருளைக்கிழங்கை உண்டு உயிர்வாழ்ந்த பார்மான்தியே, அது நல்ல உணவு என்பதைத் தம் அனுபவத்தால் அறிந்தார். விடுதலையான பிறகு அதனைப் பரப்பப் பல ஆண்டுகள் பாடுபட்டார். அவர் தம் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் பகலில் காவல் வைத்து, இரவில் காவலை நீக்கிவிடுவாராம். இவ்வளவு காவல் என்றால் இது விலைமதிப்புள்ள பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிய மக்கள், இரவில் திருடிச் சென்று தம் நிலங்களில் நட்டனராம். நாடும் காலமும் வேறாயினும் இருவரும் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றே. புதிய பயிரை மண் எளிதில் ஏற்றுக்கொள்ளும். மனம் எளிதில் ஏற்காது.

காணாமற்போன அறுவடை

விசாகம் திருநாளின் ஆட்சி நீடிக்கவில்லை. இளமை முதல் நலிவுற்றிருந்த அவரின் உடல், ஓயாத பணியைத் தாங்கவில்லை. 1885ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4ஆம் நாள், தம் 48ஆம் வயதில் அவர் காலமானார். அவர் தொடங்கிய நில அளவைப் பணி 1911ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. மரவள்ளியும் அவ்வாறே அவருக்குப் பின்னரே பெரும்பயன் தந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் ஏழை மக்களின் உணவில் அரிசிக்கு அடுத்த இடத்தை மரவள்ளி பெற்றிருந்தது. வேகவைத்த கிழங்கும் மீன்குழம்பும் அவர்களின் அன்றாட உணவாயின. இது வெறும் சுவைக்காக அமைந்த சேர்க்கை அன்று. மரவள்ளியில் மாவுச்சத்து மிகுதி. புரதச்சத்து மிகக் குறைவு. அக்குறையை மீன் நிறைவு செய்தது.

அம்மன்னரின் தொலைநோக்குக்குக் கடுமையான தேர்வு இரண்டாம் உலகப்போரின்போது வந்தது. திருவிதாங்கூர் தனக்குத் தேவையான அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்து இறக்குமதி செய்து வந்தது. 1942ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீட்டில் கிடைத்த அரிசி ஒரு குடும்பத்துக்குப் போதவில்லை. அந்த ஆண்டுகளில் எண்ணற்ற குடும்பங்களின் அடுப்பில் வெந்தது மரவள்ளிதான். விசாகம் திருநாள் மறைந்து 57 ஆண்டுகள் கழிந்த பின், அவர் பரப்பிய பயிர் பசியைத் தடுத்து நின்றது.

அதே காலத்தில் மலாயாவிலும் அதே நிலைதான். ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைப்பது அரிதாயிற்று. தோட்டப்புறத் தமிழர்கள் லயங்களைச் சுற்றியும், கிடைத்த இடங்களிலெல்லாம் மரவள்ளியை நட்டனர். கிழங்கை அவித்து உண்டனர், கீரையைச் சமைத்தனர். அக்காலத்தை வாழ்ந்து கடந்த மூத்தோர், மரவள்ளியைப் பஞ்சகால நினைவோடுதான் பேசுவர்.

அறிவியல் தொடர்ந்தது

எந்தப் பயிருக்கும் குறைகள் உண்டு. மரவள்ளியைத் தொடர்ந்து ஒரே நிலத்தில் நட்டால் மண்ணின் சத்து குன்றிவிடும். சரிவான நிலத்தில் மண்ணரிப்பும் ஏற்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாக்காவில் பெரிய அளவில் மரவள்ளி பயிரிட்டவர்கள், சில அறுவடைகளுக்குப் பின் சத்திழந்த நிலத்தைக் கைவிட்டுச் சென்றனர். அங்கே லாலாங் புல் மண்டியது. வெள்ளை ஈக்களால் பரவும் தேமல் நோயும் இப்பயிரைத் தாக்கி விளைச்சலைக் குறைக்கிறது. எனவே, மன்னர் தொடங்கியதை அறிவியலாளர்கள் தொடர வேண்டியிருந்தது.

1940களில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் மரவள்ளி ஆராய்ச்சியில் ஈடுபட்டது. பல நாடுகளிலிருந்து மரவள்ளி வகைகள் திரட்டப்பட்டன. அவற்றுள் மலாயாவிலிருந்து சென்ற ஒரு வகை எம்-4 என்று பெயர் பெற்றது. வேகவைத்தால் மாவாக மென்மையடையும் அக்கிழங்கு, கேரள மக்களின் விருப்பத்துக்குரியதாயிற்று. மலேசிய மண்ணில் விளைந்த குச்சி ஒன்று கடல் கடந்து, விசாகம் திருநாளின் நாட்டில் வேரூன்றியது.

1963ஆம் ஆண்டில் இந்திய அரசு திருவனந்தபுரத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேனை, சேம்பு முதலிய கிழங்குகள் அங்கு ஆராயப்படுகின்றன. அங்கு உருவான அதிக விளைச்சல் தரும் ஒட்டு வகைகள் தமிழ்நாட்டுக்கும் பரவின. சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் விளையும் மரவள்ளியிலிருந்து சவ்வரிசியும் மாவும் செய்யப்படுகின்றன. இன்று ஒரு ஹெக்டர் நிலத்தில் இந்தியா எடுக்கும் மரவள்ளி விளைச்சல், உலகச் சராசரியைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாகும்.

1970களில் அந்நிலையம் வெளியிட்ட ஒரு வகையின் கிழங்கு, வழக்கமான வெண்மைக்கு மாறாக இளமஞ்சள் நிறமுடையது. கண்பார்வைக்குத் துணைசெய்யும் கரோட்டின் சத்து அதில் மிகுதி. அந்த வகையின் பெயர் ஸ்ரீ விசாகம். மன்னர் பிறந்த நட்சத்திரத்தின் பெயர் இன்று ஒரு கிழங்கின் பெயராகவும் வழங்குகிறது.

ஆசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா ஆகிய கண்டங்களில் கோடிக்கணக்கானோர் இன்று மரவள்ளியை உண்டு வாழ்கின்றனர். பருவநிலை மாறி, மழை பொய்க்கும் இடங்களில் அதன் தேவை மேலும் கூடி வருகிறது. அரண்மனைகளும் கோட்டைகளும் கட்டிப் புகழ்பெற்ற மன்னர்கள் உண்டு. விசாகம் திருநாளோ, தாம் கற்ற தாவரவியலை ஏழையின் அடுப்பங்கரை வரை கொண்டு சேர்க்க முயன்றார். அதன் முழுப்பயனைக் காண அவருக்கு ஆயுள் போதவில்லை. எனினும், அரிசிக் கப்பல் வராத நாளில் அவருடைய நாட்டு மக்கள் தம் வீட்டு மேட்டில் மண்ணைத் தோண்டியபோது, அங்கே உணவு இருந்தது.